மார்கழியில் பெயின்ட் வாங்க வருகிறவர்களுக்கு

பழைய வீட்டுக்காரர்களே,

கார்த்திகை பிறந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் கடை வாசலில் வந்து நிற்பீர்கள். கையில் கலர் அட்டை இருக்கும். பின்னால் நிற்கும் வீட்டம்மா, "பொங்கலுக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்பார். டெல்டா பக்கத்துச் சிறு ஊரில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருப்பவன் நான். மார்கழி வியாபாரத்தில்தான் என் வருஷமே ஓடுகிறது. இருந்தும் கேட்டுக்கொள்கிறேன்: இந்த மார்கழியில் ஹாலுக்கு எமல்ஷன் வாங்காதீர்கள். பங்குனியில் வாங்கிக்கொள்ளலாம்.

இதைப் புது அடுக்ககத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லவில்லை. ஓட்டு வீடு, மரக்கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ், எழுபது எண்பதுகளில் எழும்பிய முதல் தலைமுறைக் கான்கிரீட் வீடு, இவற்றில் குடியிருந்துகொண்டு கையில் பத்தாயிரம் பதினைந்தாயிரத்தை வைத்து வீட்டைப் புதுசாக்கப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் ஓர் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டுகிறது. கடலோர மாவட்டங்களில் பாதிக்கும் மேல். ஐப்பசியும் கார்த்திகையும் நனைந்த செங்கல் சுவர், மார்கழியில்தான் ஈரத்தை வெளியே விடத் தொடங்கும். 9 அங்குலச் சுவர் காய வாரக்கணக்காகும். அதற்குள் பனி வேறு வந்துவிடும். ஆக, வருஷத்திலேயே சுவர் அதிக ஈரமாக இருக்கும் நேரம் பார்த்து நாம் பெயின்ட் வாளியைத் தூக்குகிறோம்.

அப்படியானால் தாத்தா காலத்தில் பொங்கலுக்குத்தானே வெள்ளையடித்தார்கள் என்பீர்கள். அடித்தார்கள். ஆனால் அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்புக்கு ஈரச் சுவர்தான் வேண்டும். காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து, அது திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சுவர் விடும் ஈரம் அவற்றின் வழியே போய்விடும். எமல்ஷனில் இருக்கும் அக்ரிலிக் பிசினோ சுவர்மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிகிறது. நீராவி கொஞ்சம் கசியும்தான், ஆனால் மழைக்காலம் முடிந்த சுவருக்கு அது பற்றாது. ஈரத்தோடு வருகிற உப்பு தோலுக்குப் பின்னால் படிகமாகி, இடம் போதாமல் தோலை வெளியே தள்ளுகிறது. சித்திரையில் சோபாவை நகர்த்திப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குச் சுவர் அப்பளமாகப் பொரிந்து நிற்கும். முதலில் பெயின்டைத் திட்டுவீர்கள், அடுத்து பெயின்டரை. எனக்கும் ஒரு பங்கு வரும். பூசுகிற சரக்கை மாற்றிக்கொண்டோம், பூசுகிற மாதத்தை மாற்றவில்லை. கோளாறு அங்கேதான்.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, சந்தேகமான இடத்தில் நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் விஷயம் தெரிந்துவிடும். சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வாருங்கள், கலர் அட்டையைப் பிரிப்போம்.

பெரும்பாலும் சுவரைப் பார்த்த பக்கம்தான் நனைந்திருக்கும். அப்போது ஹாலை விட்டுவிட்டு மாடி ஏறுங்கள்.

மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? வேப்பஞ்சருகு, காக்கை போட்ட எலும்பு, பிள்ளைகள் தொலைத்த பிளாஸ்டிக் பந்து எல்லாம் அங்கேதான் கிடக்கும். தண்ணீர் அரை நாள் தேங்கி நின்றால் தட்டோட்டின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கத்தான் செய்யும். அந்தக் குப்பையை வாரிப்போட்டு, குழாய் வாயில் ஒரு கம்பிவலைத் துண்டைச் சொருகுங்கள். அடுத்தது கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள், விரிசல் கையில் தட்டுப்படும். அங்கேயே ஓர் அரசங்கன்றும் முளைத்திருக்கும். மேலே கிள்ளிப் போடாதீர்கள், இரண்டாகத் துளிர்க்கும். சுற்றியுள்ள சாந்தைக் கொத்தி, வேர் போன வரைக்கும் போய்ப் பிடுங்கிவிட்டு, பள்ளத்தை நனைத்துச் சாந்து அடையுங்கள். சுண்ணாம்பில் கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருத்தம். சிமென்ட் சாந்து இறுகி நின்றுகொண்டு பக்கத்தில் உள்ள பழைய செங்கல்லைத் தின்னும். வேலை மொத்தமும் ஒரு கரணை, ஒரு வாளி சாந்து, ஒரு காலைப்பொழுது.

மாடி சரியாக இருந்தும் சுவரின் கீழ்ப்பாதியில் ஓதம் காத்தால் வாசலுக்குப் போங்கள். ரோடு போடப் போடத் தெரு ஏறிக்கொண்டே போகிறது, வீடு பள்ளத்துக்குப் போகிறது. சுவரை ஒட்டி மண் மேடு கட்டியிருக்கும், அல்லது துணி துவைக்கும் கல்லின் தண்ணீர் அங்கேயே நிற்கும். சில வீடுகளில் ஏ.சி. குழாய் சொட்டுவதும் அதே இடத்தில்தான். மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு இழுத்துவிட்டு, தண்ணீர் சுவரை விட்டு ஓடும்படி வாட்டம் வையுங்கள். உள்ளே பூத்திருக்கும் உப்பை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள்.

ஓதம் காத்த இடத்துக்கு மேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று ஒரு யோசனை ஊரெல்லாம் உலவுகிறது. ஒட்டினால் கண்ணுக்கு மறையும். போக வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறிப் புது இடத்தில் பூக்கும். உள்ளே பூசும் ஓதத் தடுப்புப் பெயின்டுக்கும் பல வீடுகளில் இதே கதைதான். அதையும் நான் விற்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கேட்பவர்களிடம் முதலில் மாடியைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

பொங்கலுக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பதா என்று கேட்காதீர்கள். நிறைய இருக்கிறது. கொல்லைச் சுவர், காம்பவுண்ட், மாட்டுக்கொட்டில், ஸ்டோர் ரூம், திண்ணைச் சுவர் என்று இன்னும் சுண்ணாம்பாகவோ வெறும் பூச்சாகவோ இருக்கும் இடங்களுக்கெல்லாம் சுண்ணாம்பே அடியுங்கள். எமல்ஷனோ டிஸ்டெம்பரோ பட்ட சுவரில் அது நிற்காது, உதிர்ந்துவிடும். மற்ற இடங்களில் இதைவிட மலிவான பூச்சு கிடையாது.

பாக்கெட்டில் வரும் பொடியும் ஆகும். ஆனால் சுட்ட சுண்ணாம்புக் கட்டி கிடைத்தால் விடாதீர்கள். சில கடலோர ஊர்களில் கிளிஞ்சல் சுண்ணாம்பு இன்னும் கிடைக்கிறது. பழைய இரும்பு டிரம்மில் தண்ணீர் ஊற்றிவைத்து, கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதித்து ஆவி பறக்கும். பிளாஸ்டிக் வாளியில் செய்தால் வாளி நெளிந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் கணக்கு. ஒரு நாள் ஊறியதும் பழைய வேட்டியில் வடிகட்டினால் மாவும் கல்லும் பிரிந்துவிடும். மஞ்சள் சாயல் தெரியாமலிருக்க ஒரு சிட்டிகை நீலம், பிடிப்புக்குச் சோற்றுக் கஞ்சி. கஞ்சியை அன்றைக்கு அடிக்கப் போகிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள். வைத்தால் நாறும்.

சுவரைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, உதிர்வதையெல்லாம் உதிரவிட்டு, தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். முதல் பூச்சு மேலிருந்து கீழ், அடுத்தது குறுக்கே. அடிக்கும்போது ஒன்றுமே அடிக்காததுபோல் தெரியும். பயந்துபோய்க் கெட்டியாகக் குழைத்து அப்பாதீர்கள், பொருக்கு விட்டுவிடும். காயக் காயத்தான் வெளுக்கும். அடியில் முழங்கால் உயரத்துக்குக் காவிப் பட்டை இழுத்தால் மழைச் சேறு தெறித்தது தெரியாது. நம் ஊர்ச் சுவர்களில் அந்தச் சிவப்பு அழகுக்கு மட்டும் வந்ததில்லை. உரசினால் சட்டையில் ஒட்டும் என்ற குறை சுண்ணாம்புக்கு உண்டு. அதனால்தான் ஹாலுக்கு அதைச் சொல்லவில்லை.

மீந்த சுண்ணாம்பைத் தூக்கிப் போடாமல் மூடிவையுங்கள். மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நின்றால் கெடாது. பங்குனி வெயிலில் அதை மொட்டை மாடிக்கு அடிக்கலாம். தளம் வெளுத்திருந்தால் வெயில் திரும்பிப் போகும், கீழறை தணியும். தெலங்கானா அரசு 2023இல் கூரை வெப்பத்தைக் குறைக்க ஒரு கொள்கையே அறிவித்தது. அகமதாபாதிலும் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை நடந்திருக்கிறது. நம் வீட்டில் அதற்கு ஒரு டிரம்மும் ஒரு மட்டையும் போதும். மாடிக்கு மட்டும் கொஞ்சம் ஃபெவிகால் கலந்துகொள்பவர்கள் உண்டு, மழையில் சீக்கிரம் கரையாமல் இருக்கும்.

இனி ஹால். எமல்ஷன் பட்ட சுவருக்குப் பாதி வீடுகளில் வேண்டியது பெயின்ட் இல்லை, ஒரு கழுவல். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக் கறை விடும். சுவிட்ச் பலகையைச் சுற்றிக் கைப்பட்டுக் கறுத்திருக்கும் இடத்தைத் துடைக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். இத்தனை வருஷத்துக் காலண்டர் ஆணிகளில் தேவையில்லாததைப் பிடுங்குங்கள். ஓட்டைகளுக்கு இப்போதே பட்டி பார்த்துவிட்டால் பங்குனி வரை நன்றாக இறுகும். வெள்ளைப் புள்ளி தெரியுமே என்றால், தெரியட்டும். பொங்கலுக்கு வரும் மாமனார் கேட்டால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

கதவுக்கு வருகிறேன். வீட்டுக்குள் நுழைகிறவர் முதலில் தொடுவது அதைத்தான். கரகரவென்று தரையை இழுத்துக்கொண்டு திறக்கும் கதவைச் சீவச் சொல்லி ஆசாரியைக் கூப்பிடுகிறீர்கள். மழையில் உப்பிய கதவை இப்போது சீவினால் கோடையில் இடைவெளி விழும். முதலில் மேல் கீலைப் பாருங்கள். திருகாணி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அதனால்தான் கதவு தொங்குகிறது. திருகாணியைக் கழற்றி, ஓட்டைக்குள் ஃபெவிகாலில் தோய்த்த தீக்குச்சிகளை மருந்து நீக்கிவிட்டு இறுக்கமாகத் திணியுங்கள். வெளியே நிற்பதை வெட்டிவிட்டு, ஒரு ராத்திரி காயவிட்டுத் திருகாணியை மறுபடி முறுக்குங்கள். கதவு எழும்பிவிடும். தாழ்ப்பாள் இறுகினால் மெழுகுவத்தியைத் தேயுங்கள். எண்ணெய் விட்டால் தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

அதே கதவுக்கு எனாமல் அடிக்கும் ஆசையில் உப்புத்தாள் வாங்க வருகிறவர்களிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016இல். அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். உங்கள் ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இருக்கும் பழைய அடுக்குகள் அதற்கு முந்தியவை. மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி பறக்கவிட்டால் தவழும் பிள்ளையின் கைவழியாக வாய்க்குப் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. தண்ணீர்த்தாள் கேளுங்கள், ஈரமாகவே தேயுங்கள். சேற்றைக் காகிதத்தில் வழித்துக் கட்டிப் போடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அந்தக் கதவை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், துடைத்து வைத்தால் போதும்.

தரை. சிவப்பு ஆக்சைடு தரையை உடைத்துவிட்டு டைல்ஸ் போடப்போகிறேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தத் தரையை இன்று போட்டுத் தருகிற கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். நன்றாகக் கழுவிக் காயவைத்து, பழைய காட்டன் துணியில் சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்து, மிச்ச எண்ணெயைத் துடைத்தெடுங்கள். சில நாள் விட்டு இன்னொரு தடவை. ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதே வைத்தியம்தான். எண்ணெயை அதிகமாக விட்டால் வழுக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கவனம். ஆக்சைடு, மொசைக், ஆத்தங்குடி மூன்றுக்கும் ஆசிட் ஆகாது. சிமென்ட்டையும் சலவைக்கல் சில்லையும் அது அரித்துவிடும். பாத்ரூமில் ஆசிடையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. மூடிய பாத்ரூமில் ஆளையே சாய்த்துவிடும். கறையைவிட அது பெரிய விஷயம்.

குழாய் சொட்டினால் பழைய பித்தளைக் குழாய்க்கு வாஷர் மாற்றினாலே போதும். புது மாதிரிக் குழாய்க்கு உள்ளேயிருக்கும் ஸ்பிண்டில் மாற்ற வேண்டும். தண்ணீரை அடைத்துவிட்டுக் கழற்றி, அந்தத் துண்டையே கடைக்குக் கொண்டுவாருங்கள். வாயால் வர்ணித்து வாங்கியது எதுவும் பொருந்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பை, குழாய் முறுகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது பிரிந்துவிடும். ஹால் மங்கலாக இருப்பதற்குச் சுவரைக் குறை சொல்லும் முன் பழைய 40 வாட் டியூப் லைட்டைக் கழற்றி 20 வாட் எல்.இ.டி. மாட்டிப் பாருங்கள்.

பிறகு போகி. பழைய ஒயர் நாற்காலி, நாடாக் கட்டில் எல்லாம் தெருவில் வந்து நிற்கும். ஒயர் பிளாஸ்டிக், எரித்தால் தெருவே இருமும். டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கெஞ்சுகிறது. அந்த நாற்காலியின் இரும்புச் சட்டம் இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும். துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட்டிங் கொடுத்துவிட்டுப் புது ஒயர் பின்னுங்கள். ஒயர் கூடை பின்னத் தெரிந்த அத்தை ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். நாடாக் கட்டிலில் குறுக்கு நாடாவை ஒன்று விட்டு ஒன்று கோத்து இழுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இழுக்க ஒருவர் பிடிக்க. டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும்.

சில வேலைகளில் கை வைக்காதீர்கள். வயரிங் எலெக்ட்ரீசியனுக்கு உரியது. கூரைக் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் பட்டி வைத்து மூடாமல் விவரம் தெரிந்த என்ஜினியரிடம் காட்டுங்கள். பாசி காயாத ஓட்டுக் கூரையில் ஏறவே கூடாது.

பங்குனியில் பெயின்ட் வாங்க வரும்போது அறையின் அளவை எழுதிக்கொண்டு வாருங்கள். 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் சுமார் 390. பிரைமர் பட்ட சுவரில் இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 50, 60 சதுர அடி வரும். ஆக 7 லிட்டர் கிட்டத்தட்ட. பெயின்டர் 20 லிட்டர் வாளி கேட்டால் எந்தெந்த அறைக்கு என்று கணக்குக் கேளுங்கள். டப்பாவுக்குள் இருக்கும் டோக்கன் அவருக்குப் போகிறது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அதில் எனக்குக் கோபம் இல்லை. மீந்த பெயின்டை ஒரு சிறிய டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஷேட் நம்பரையும் மாதத்தையும் மூடியில் மார்க்கரால் எழுதுங்கள். சோபா முதுகு தேய்த்த இடத்தை அடுத்த வருஷம் சரிசெய்ய அது போதும், என்னிடம் வர வேண்டியதில்லை.

அதுவரைக்கும் இப்போது வாங்க வேண்டியவை: சுண்ணாம்பு, நீலம், தண்ணீர்த்தாள், ஒரு கரணை. கடை காலை எட்டு மணிக்குத் திறக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஹார்டுவேர்ஸ் கடைக்காரன்